மாமனார் பூசிய சுவர்

பொய் சொல்ல வராதவர்கள் அந்தப் பக்கமே போகக்கூடாது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் போனேன்.

சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு குன்றின் மேல் ஓவிய அருங்காட்சியகம் எழும்பிக்கொண்டிருந்தது. நான் அங்கே சைட் இன்ஜினியர். (ஹெல்மெட் போட்டு வெயிலில் நிற்கும் பதவி.) வடிவமைத்த மேடம் சென்னைக்காரர். சுவருக்குப் பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது. பலகை அடித்து ஊற்றிய கான்கிரீட், அந்தப் பலகையின் ரேகைகளோடு அப்படியே நிற்க வேண்டும். பலகையை இறுக்கிய கம்பிகளின் ஓட்டைகளைக்கூட டேப் வைத்து அளந்து வரிசையாக விட்டிருந்தார்.

என் வருங்கால மாமனாரோ கொத்தனார். ஊரில் பாதி வீடுகளின் பூச்சு அவர் கைவேலை. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க வந்தவர், பெரிய ஹாலின் சுவரைத் தடவிப் பார்த்து முகம் வாடிப்போனார்.

"என்ன மருமவனே, வேலை பாதியில நின்னுபோச்சா?"

டிசைனே இதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால், இவனுக்கா பெண்ணைக் கொடுக்கிறோம் என்ற யோசனை அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. "பூச்சுக்கு ஆள் கிடைக்கல மாமா. அடுத்த வாரம் முடிச்சிருவோம்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு சைட்டுக்குப் போனால், ஹாலுக்குள் கொத்துக் கரண்டி தேய்க்கும் சத்தம். ஸ்டூலின் மேல் மாமா. சுவர் ஆள் உயரத்துக்கு வழவழவென்று ஈரமாக மின்னியது. (இன்ஜினியரின் மாமனார் என்றதும் வாட்ச்மேன் ஆறு மணிக்கே கேட்டைத் திறந்து, கலவையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.)

"வாங்க மருமவனே. ஆள் இல்லாம தவிக்கியளேன்னு வந்தேன். ஓட்டையெல்லாம் அடைச்சிட்டேன்."

பத்து மணிக்கு மேடம் வருகிறார். உண்மையைச் சொன்னேன். மாமா ஸ்டூலிலிருந்து இறங்கிக் கரண்டியைத் திருப்பிப் பிடித்தார். திட்டியிருந்தால் தேவலை.

"சுரண்டுவோம்" என்றார்.

சுரண்டினோம். ஓட்டைகளை ஆணியால் குடைந்தோம். ஹோஸ் பிடித்துக் கழுவினோம். அவர் ஆறு மணிக்கு முதலில் பூசிய மூலை மட்டும் இறுகிவிட்டது, அசையவே இல்லை. "நம்ம பூச்சு லேசுல வராதுல்லா" என்றார். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை. கீழே ஹார்ன் சத்தம் கேட்டது.

உள்ளே வந்த மேடம் முதலில் மூலையைப் பார்த்தார். பிறகு உடம்பெல்லாம் சிமெண்ட் அப்பியிருந்த எங்கள் இருவரையும் பார்த்தார்.

"யார் பண்ணது?"

வேலை போனால் கல்யாணமும் போகும்.

"நாந்தான் தாயி" என்றார் மாமா. "மருமவன் வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னாரு. நாந்தான் கேக்கல."

எனக்காக அவர் சொன்ன பொய், என் பொய்யைவிட மோசமாக உறுத்தியது. வெட்கம் தாங்காமல், "இல்ல மேடம், நான்தான் பூச்சு உண்டுன்னு இவர்கிட்ட பொய் சொன்னேன்" என்றேன்.

மேடம் அந்த மூலையை விரலால் நீவிப் பார்த்தார். வெகுநேரம். "இங்க ஒரு பெரிய படத்தை மாட்டிரலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. வேலை தப்பியது, கல்யாணமும் நடந்தது.

இப்போது வீட்டுக்கு எந்த விருந்தாளி வந்தாலும் மாமா குன்றுக்குக் கூட்டிப்போகிறார். மற்ற படங்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நேராக அந்தப் படத்திடம் போய், "இதுக்குப் பின்னால இருக்கது நம்ம வேலையாக்கும்" என்று ஓரத்தைத் தூக்கிக் காட்டப் பார்ப்பார். அவர் தலை தெரிந்தாலே போதும், ஹாலின் காவலாளி ஓடிப்போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றுகொள்கிறார்.