எல்லாக் கல்யாணத்துக்கும் வந்தவர்

"பேரு போடாம அது விடாது சார்..."

"பேரு தெரிஞ்சாத்தானே போடுததுக்கு! நான் என்ன..."

"அதத்தான் சார் நானும் காலையில இருந்து சொல்லுதேன், தெரியலேன்னா அது..."

"நான் என்ன அந்த ஆளுக்குப் பேரு வச்சவனா? தெரியலேன்னு சொல்லு அதுக்கு!"

"அதுக்குக் காது கிடையாது சார்."

உதவியாளர் மாஜிதா கணினித் திரையைச் சந்தானகிருஷ்ணன் பக்கம் திருப்பினாள். சிவப்புக் கட்டம், கட்டத்துக்குள் ஒரு மங்கலான முகம். முன்மண்டை வழுக்கை, பென்சிலால் கோடு இழுத்த மாதிரி மீசை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற சிரிப்பு.

நாட்டிலுள்ள பழைய ஒலிநாடா, ஒளிநாடா அத்தனையையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்கு டெல்லியில் ஒரு காப்பகம் உண்டு. அதன் கடைக்குட்டிக் கிளை தென்காசியில், ஒரு ஜவுளிக்கடை மாடியில், இரண்டு அறையும் ஒரு ஏசியுமாக இருந்தது. ஏசி கேசட்டுகளுக்கு. கிளைக்குத் தலைவரான சந்தானகிருஷ்ணனுக்கு மின்விசிறி. பரணிலும் பீரோவுக்கு அடியிலும் கிடந்த பழைய கல்யாண வீடியோக்களை வீடு வீடாகப் போய்க் கெஞ்சி வாங்கிவந்து அடுக்கியவர் அவர்தான். ஓய்வு பெறக் கொஞ்ச நாளே இருக்கையில் டெல்லியிலிருந்து 'சிஸ்டம்' வந்தது. இனி எல்லாம் அதற்குள்தான். கல்யாணத்தை அதில் ஏற்றினால், எந்த முகம் எந்தெந்தக் கேசட்டில் வருகிறது என்று அதுவே கோத்துக் கொடுத்துவிடும். பெயரை மட்டும் நாம் போட வேண்டும்.

இந்த மீசைக்காரர் நாற்பது கல்யாணத்துக்கு மேல் வந்திருந்தார். கடையநல்லூர் நிக்காஹ், ராயகிரி மிராசுதார் வீட்டுக் கல்யாணம், திருவேங்கடத்தில் ஒரு மில் முதலாளி மகள் கல்யாணம், எல்லாவற்றிலும் முன்வரிசை.

"இத்தனை வீட்டுலயும் சாப்பிட்டிருக்காரு, ஒருத்தருக்கும் பேரு தெரியல பாத்தீங்களா" என்றாள் மாஜிதா. பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், ஒங்க கல்யாணத்துலயும் இருக்காரு" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர்.

அந்தக் கேசட்டைப் பற்றி அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. அவருக்கும் வாலாம்பாளுக்கும் ஒரே கோத்திரம். கல்யாணம் கூடாது என்றார்கள். சடங்கு செய்துவைக்கிற வாத்தியார் ஒரு வழி சொன்னார்: வேறு கோத்திரத்து மாமா ஒருவர் வாலாம்பாளைத் தத்தெடுத்து, தன் பெண்ணாகத் தாரை வார்த்துக் கொடுத்துவிடலாம். "எம் பொண்ணுக்கு இன்னொருத்தன் அப்பாவா?" என்று கேட்டுவிட்டு, செங்கோட்டை போஸ்ட்மாஸ்டர் மகாலிங்கய்யர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாகிற வரைக்கும் மகளுக்காக அதைத் திறக்கவில்லை. குற்றாலநாதர் கோயில் மண்டபத்தில், சாரலில் நனைந்தபடி, மாமா தாரை வார்க்க, அப்பா இல்லாமலே கல்யாணம் நடந்தது. வாலாம்பாள் அந்த வீடியோவை ஒரே ஒரு தடவை பார்த்தாள். "ஊரே இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கே மாமனார் வீட்டு வாசலில் போய் விழுந்திருக்கலாமோ என்று சந்தானகிருஷ்ணன் இன்றுவரை நினைக்கிறார். நினைத்ததோடு சரி.

"சார், என்னமாவது போடுங்க. பச்சை ஆகணும்."

"விருந்தாளின்னு போடு."

போட்டாள். சிஸ்டம் யோசித்தது. அதற்கு முன்னால் 'விருந்தாளி' என்று குறித்து வைத்திருந்த கிழவி, சமையல்காரர், நாகஸ்வரக்காரர், கைக்குழந்தை எல்லாரும் ஒரே ஆள்தான் என்று முடிவு கட்டியது. பாலினம்: பெண். தொழில்: நாகஸ்வரம்.

"அழி, அழி!"

"அழிக்க முடியாது சார். மாத்தத்தான் முடியும்."

"அப்ப 'பெயர் தெரியாதவர்'னு மாத்து."

மாற்றினாள். அரைமணி நேரத்தில் டெல்லியிலிருந்து போன் வந்தது. பேசியது ஸ்ரீமதி; சிஸ்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"சார், நீங்க என்ன பண்ணினீங்க? எல்லாக் கிளையிலும் இருக்கற பேர் தெரியாதவங்க அத்தனை பேரும் ஒண்ணாச் சேர்ந்துட்டாங்க. ராஜஸ்தான்ல ஒட்டகம் ஓட்டறவர், அஸ்ஸாம்ல டான்ஸ் ஆடற பொண்ணு, எல்லாரும் தென்காசின்னு வருது!"

"மேடம், அது ஒரு சின்ன..."

"சாயங்காலத்துக்குள்ள ஒரு நிஜப் பேர் போடுங்க. உயிரோட இருக்கறவர்னா அவரோட சம்மதக் கையெழுத்து வேணும். இல்லாதவர்னா குடும்பத்தார் கையெழுத்து போதும்."

போனை வைத்தார். ஆளே யார் என்று தெரியாதபோது கையெழுத்துக்கு எங்கே போவது? செத்தவராக இருந்தால் தேவலை. செத்தவராகவும் இருக்க வேண்டும், குடும்பத்தார் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறவராகவும் இருக்க வேண்டும். அவர் நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஜீவன் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது வீட்டில் அடுப்படியில் ரசம் கூட்டிக்கொண்டிருந்தது.

"பேரு சொல்லுங்க சார்."

"மகாலிங்கய்யர்" என்றார் அவர். "செங்கோட்டை. மறைவு."

சிவப்பு பச்சையானது. மாஜிதா "அல்ஹம்துலில்லாஹ்" என்று நாற்காலியில் சாய்ந்தாள். அவள் டீ வாங்கப் போன பிறகு சந்தானகிருஷ்ணன் தன் கல்யாணக் கேசட்டின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். 'கலந்துகொண்டோர்' என்ற வரியில் முதல் பெயராக மாமனார் பெயர் நின்றது. பொய்தான். ஆனாலும் அதை மாற்ற அவருக்குக் கை வரவில்லை.

டெல்லிக்குப் பச்சை பிடித்துப்போனது. அதிகமாகவே பிடித்துப்போனது. எல்லாச் சாதி, எல்லா மதத்துக் கல்யாணத்துக்கும் போய் முன்வரிசையில் உட்கார்ந்து வாழ்த்திய ஒரு பெரியவர்! சிஸ்டத்தின் தொடக்க விழாவையே குற்றாலத்தில் வைத்துவிடலாம், சாரலும் கூட்டமும் இருக்கும், பெரியவரின் மகளுக்குப் பொன்னாடை போர்த்தலாம் என்று முடிவாயிற்று. சந்தானகிருஷ்ணன் 'குடும்பத்தார் விளம்பரம் விரும்பாதவர்கள்' என்று எழுதினார். 'அந்த அடக்கத்தையும் பாராட்டுவோம்' என்று பதில் வந்தது.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சென்னையில் இருக்கிற மகள் ஸ்மிருதிக்கு யாரோ அழைப்பிதழை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். அவள் அம்மாவுக்கு அனுப்பினாள்.

அன்று மாலை அவர் செருப்பைக் கழற்றும்போதே வாலாம்பாள் போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"யாருன்னா இது?"

"அது வந்து, வாலா, ஆபீஸ்ல ஒரு..."

"எங்கப்பா பேர் போட்டிருக்கு. கீழ ஒரு மீசைக்காரன் இருக்கான்."

"படம் கொஞ்சம் மங்கல். அதனால..."

"மங்கலா இருந்தா மீசை முளைக்குமோ? வெளியில பச்சைத் தண்ணி குடிக்க மாட்டார் எங்கப்பா. அவர் கடையநல்லூர் நிக்காஹ்ல பிரியாணி அண்டாவுக்கு எதிர்க்க உக்காந்துண்டு சிரிச்சாராக்கும்!"

"பிரியாணி சாப்பிட்டார்னு போடலையே..."

"கையெழுத்து எப்படி வாங்கினேள்?"

"கேஸ் மானிய பேப்பரோட சேர்த்து."

வாலாம்பாள் சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முற்றத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அன்னிக்கு ஒரு தடவை எனக்கு அப்பாவை மாத்தினேள். சரி, நானும் தலையை ஆட்டினேன், எம்மேலயும் தப்பு. இப்ப ரெண்டாந்தடவையா?"

அவர் கழற்றிய செருப்பை ஓரமாகத் தள்ளினார்.

"எங்கப்பா வரலைங்கறது ஒண்ணுதான் எங்கிட்ட நிஜமா இருந்தது. அதையும் பச்சை ஆக்கிட்டேளே."

"நான் நாளைக்கே மாத்திடறேன், வாலா."

மறுநாள் மாற்றப் போனார். சிஸ்டம் சம்மதிக்கவில்லை. உயிரோடு இருப்பவரை மறைந்தவராக மாற்றலாம். மறைந்தவரை வேறு எதுவாகவும் மாற்ற முடியாது.

"நியாயந்தானே சார்" என்றாள் மாஜிதா. "யாரு திரும்பி வந்திருக்கா?"

டெல்லிக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எடுத்தார். "சார், பிளெக்ஸ் எல்லாம் கட்டியாச்சு, உங்களோட ரிடையர்மென்ட் பாராட்டும் அன்னிக்கேதான்" என்று ஸ்ரீமதி சந்தோஷமாகச் சொன்னாள். "சரி மேடம்" என்று வைத்துவிட்டார்.

விழாவன்று காலையில் வாலாம்பாள் பட்டுப்புடவையோடு வந்து நின்றாள்.

"நீ வர வேண்டாமே, வாலா."

"வரேன். மேடையில பொன்னாடை போர்த்தறச்சே மைக்கை வாங்கி நானே சொல்லிக்கறேன், அது எங்கப்பா இல்லேன்னு. வராதவர் வராதவராவே இருக்கட்டும்."

குற்றாலத்தில் நல்ல சாரல். மெயின் அருவிக்குப் போகிற சாலையில் ஈரத்துண்டும் எண்ணெய் வாடையுமாகக் கூட்டம் நெரிந்தது. பேருந்து நிலையத்திலிருந்து லாட்ஜ் மண்டபம் வரை மீசைக்காரர் பிளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் தாண்டும்போது வாலாம்பாள் முகத்தை ஆட்டோவின் மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்களே, பத்தியும் கொளுத்தி வைத்திருப்பார்களோ என்று சந்தானகிருஷ்ணன் ஒவ்வொரு பிளெக்ஸுக்கும் கீழே எட்டிப் பார்த்தார்.

மண்டப வாசலில் மாஜிதா ஓடி வந்தாள்.

"சார், வந்துட்டாரு!"

"யாரு, மந்திரியா?"

"இல்ல சார். செத்தவரு."

அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் நின்றார். வழுக்கை தலை முழுக்க ஏறியிருந்தது. மீசை நரைத்திருந்தது. சிரிக்கலாமா வேண்டாமா என்கிற அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த துண்டில் எண்ணெய்க் கறை.

"நீங்கதான் ஆபீசரா? எம் பேரு மசூது. அருவிக்கரையில எண்ணெய் தேச்சு விடுதேன். காலையில இருந்து ஒருத்தனும் எங்கிட்ட உக்கார மாட்டேங்கான். 'செத்தவன் கையால தேய்க்கவா'ங்கான். என்னைய எப்ப சார் கொன்னீங்க?"

"ஐயா, அது ஒரு தவறுதலா..."

"அதுவும் யாரு பேருல? எம் மூஞ்சிய வச்சு போஸ்ட்மாஸ்டர் சாமி பேரப் போட்டிருக்கீங்க. அவரு எங்கன, நான் எங்கன? செங்கோட்டைக்காரன் பூராச் சிரிக்கான்."

"நீங்க எப்படிங்க நாற்பது கல்யாணத்துல...?"

"நாப்பதா? கூடவே இருக்கும். அல்தாப் அண்ணாச்சி வீடியோக் கடையில லைட்டு பிடிச்சேன்லா? காமிராவுக்குள்ள பளிச்சுன்னு தெரியுதான்னு பாக்க, மொதல்ல என்னைய எதுக்க உக்கார வச்சுத்தான் எடுப்பாரு. பொறவுதான் மாப்பிள்ள பொண்ணு. வெட்டி எறியச் சோம்பேறித்தனம், அப்படியே வீட்டுக்காரங்க கையில குடுத்துருவாரு. ஒரு கல்யாணத்துலயும் நான் பந்தியில உக்காந்தது கெடையாது சார், லைட்டு சூட்டுலயே பசி அடங்கிரும்."

மாஜிதா சிரித்துவிட்டாள். சந்தானகிருஷ்ணனுக்கும் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உள்ளே ஒலிபெருக்கியில் 'அமரர் மகாலிங்கய்யரின் குடும்பத்தார் மேடைக்கு' என்று ஸ்ரீமதியின் குரல் கூப்பிட்டது. யாரும் நகரவில்லை.

வாலாம்பாள் அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் போய் ஒரு விதமான நிம்மதி வந்திருந்தது.

"நல்லவேளை நீங்க வந்தேள்" என்றாள். "போஸ்ட்மாஸ்டர் எங்கப்பா. அவர் கல்யாணம் காட்சிக்குப் போறவரே இல்லை. இதோ, பக்கத்துல இருக்கற கோயில் மண்டபத்துலதான் எனக்குக் கல்யாணம். நீங்ககூட அதோட வீடியோவுல இருக்கேளாம். அன்னிக்கு ஊரே வந்தது. எங்கப்பா மட்டும் வரலை."

மசூது துண்டை அவிழ்த்துக் கையைத் துடைத்துக்கொண்டார். சந்தானகிருஷ்ணனைப் பார்த்தார். பிறகு வாலாம்பாளைப் பார்த்தார்.

"வந்தாரும்மா, தாலி கட்டையில தூணோரமா கண்ணத் தொடச்சுக்கிட்டு நின்னாரு, அல்தாப் அண்ணாச்சி எடுத்துட்டாருன்னு தெரிஞ்சதும் 'எம் மக பாக்கக் கூடாது, அழிச்சிருங்க'ன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சுனாரு, நாடாவுல அவரு நின்ன எடத்தை அழிச்சு அதுக்கு மேலதாம்மா எம் மூஞ்சிய எடுத்தோம்."