பட்டறைக்கு மேல் தூங்கியவர்

சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே டிரைவர் சபதம் செய்தார்.

"இந்த வீட்டில இன்னும் ஒரு மாசம் இருந்தேன்னா என்னை மனுஷன்னே சொல்லாதே. ஊருக்கு வெளியே, அமைதியா ஒரு வீடு. முடிவு பண்ணியாச்சு!"

"சரிங்க" என்றாள் மனைவி.

டிரைவர் கையை உதறுவதை நிறுத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எடுத்த எந்த முடிவுக்கும் அவள் ஒரே மூச்சில் சரி சொன்னதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் பஸ்ஸில் இருக்கிற மாதிரி பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி வீட்டில் இல்லையே!

சபதத்துக்குக் காரணம் கீழ்த்தளம். கீழே தகரப் பெட்டி செய்யும் பட்டறை. மேலே இவர்கள் குடி. விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸை எடுக்கிறவர் அவர். மத்தியானம் வீடு திரும்பி ஒரு தூக்கம் போட்டால்தான் மறுநாள் வண்டி ஓடும். அந்த நேரம் பார்த்துக் கீழே சுத்தியல்கள் கச்சேரியை ஆரம்பிக்கும். டிரைவர் படுத்துக்கொண்டே பட்டறைக்காரரின் பரம்பரையை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திட்டுவார். பாட்டனாரைத் தாண்டுவதற்குள் குறட்டை வந்துவிடும். சாயங்காலம் எழுந்து, விட்ட இடத்திலிருந்து திட்டைத் தொடர்வார். நடுவில் தூங்கியதை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்வதே இல்லை.

அந்தச் சத்தத்தைக் காட்டித்தான் இன்னொன்றுக்கும் தடை போட்டிருந்தார். மனைவியின் தையல் மெஷினுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் அவள் அதில் தைத்து நல்ல பெயர் எடுத்தவள். இப்போது அதன்மேல் பூப்போட்ட துணியை விரித்து டிவியை உட்கார வைத்திருந்தார்கள்.

"நாலு பேருக்குத் தைச்சுக் குடுத்தா என்னங்க? கை துருதுருங்குது."

"கீழே ஒரு பட்டறை போதாதா? மேலேயும் ஒண்ணு திறக்கணுமா?"

பேச்சு எப்போதும் அங்கேயே முடியும்.

புது வீட்டையும் அவளேதான் கண்டுபிடித்தாள். பஸ் கடைசியாக நிற்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் போதும். மாடியில் இரண்டு அறை, சமையலறை, பால்கனி. கீழே சொந்தக்காரர், ஓய்வு பெற்ற நூலகர். வாழ்நாள் முழுவதும் 'சத்தம் போடாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்திருந்ததால் அவருடைய குரலும் ஓய்வு பெற்றுவிட்டது. வாடகை பேசும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அதையும் வாயால் சொல்லவில்லை. உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

டிரைவருக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தத் தெருவில் நாய்கூடக் குரைப்பதற்கு முன்னால் ஒரு தடவை யோசித்தது. காய்கறிக்காரர் கூவுவதில்லை, வண்டியை நிறுத்திவிட்டு யாராவது எட்டிப் பார்க்கும்வரை காத்திருப்பார். பிள்ளைகள் விளையாடினார்கள். தோற்றவனும் அழவில்லை.

சாமான்களை இறக்கியபோது ஒன்று குறைந்தது.

"மெஷின் எங்கே?"

"ஓர் இடத்தில பத்திரமா விட்டிருக்கேங்க. இங்கே எதுக்கு, அமைதியைக் கெடுக்க?"

டிரைவர் பூரித்துப் போனார். வீடும் அமைதி, மனைவியும் அமைதி.

மறுநாள் மத்தியானம் வேலை முடிந்து வந்தார். ஜன்னலைச் சாத்தினார். கால் நீட்டிப் படுத்தார். கண்ணை மூடினார்.

ஒரு சத்தமும் இல்லை.

அதுதான் வினையே. பட்டறைச் சத்தத்தில் காணாமல் போயிருந்த சத்தங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குழாய் சொட்டியது. கடிகாரம் நடந்தது. பல்லி நடந்தது, அதன் காலடி கேட்டது. கடைசியில் தன்னுடைய நெஞ்சு அடிப்பதே கேட்க ஆரம்பித்ததும், அது நின்றுவிடுமோ என்ற கவலையில் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"நல்லா தூங்கினீங்களா?" என்றாள் மனைவி, தேநீரோடு.

"அடேயப்பா! என்ன தூக்கம்!" என்றார், சிவந்த கண்ணால்.

இதே கேள்வி, இதே பதில், இதே கண். தினமும் நடந்தது. ஊரைக் கூட்டி அமைதி வேண்டும் என்று கூத்தாடியவர் இப்போது அமைதி ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு நாள் பெரிய பள்ளிக்கூட நிறுத்தத்தில் நிறுத்தாமலே போய்விட்டார். கண்டக்டர் விசிலை ஊதி ஊதிக் கன்னம் வீங்க ஓடி வந்தார்.

"அண்ணே! இறங்க வேண்டியவங்க எல்லாம் என் சட்டையைப் பிடிக்கிறாங்க. முழிச்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"முழிச்சுக்கிட்டுத்தாண்டா தம்பி இருக்கேன். அதுதான் வியாதியே."

விஷயம் டிப்போ மேலாளர் காதுக்குப் போனது. அவர் டிரைவரின் கண்ணை உற்றுப் பார்த்தார்.

"இன்னொரு தடவை இந்தக் கண்ணோட வந்தீங்கன்னா ஸ்டியரிங்கைத் தொட விட மாட்டேன். ஆபீஸ்ல உட்கார்ந்து காகிதத்துக்கு முத்திரை குத்துங்க. பஸ்ல இருக்கிறது மூட்டை இல்லை, மனுஷங்க."

மேலாளர் சொன்னது நியாயம் என்பதுதான் டிரைவரை அதிகமாக உறுத்தியது. பஸ்ஸைத் தவிர உலகத்தில் அவர் சொல்படி திரும்புகிற பொருள் வேறு எதுவும் இல்லை.

அப்படியே போய், டிப்போ ஒர்க்‌ஷாப்பில் நின்ற ஒரு பஸ்ஸின் பின்சீட்டில் சாய்ந்தார். நசுங்கிய பக்கவாட்டைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். டமார், டமார். மெக்கானிக் உலுக்கி எழுப்பியபோது சீட்டில் எச்சில் ஒழுகியிருந்தது. உடம்பு பஞ்சாக இருந்தது.

உண்மை விளங்கிவிட்டது. பழைய வீடு இன்னும் காலியாகத்தான் இருந்தது. திரும்பிப் போக வேண்டும். ஆனால் தானாகப் போகக் கூடாது. நூலகரே துரத்த வேண்டும். 'நான் என்ன செய்ய, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டாரே' என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டு போனால் மானமும் பிழைக்கும், தூக்கமும் பிழைக்கும்.

அன்று மாலையே சுவரில் ஆணி அடித்தார். மாட்டுவதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் வரிசையாக அடித்தார். எதிர்பார்த்தபடியே நூலகர் மேலே வந்தார். ஆணிகளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். எச்சில் விழுங்கினார்.

"நேரா அடிச்சிருக்கீங்க" என்றார், காற்றுக் குரலில். "கீழேயும் ரெண்டு அடிச்சுத் தரணும். ரொம்ப நாளா என் வீட்டம்மா கேட்கிறா. எனக்கு விரல்லதான் அடிக்க வருது."

டிரைவர் சுத்தியலோடு கீழே போய்த் திரைச்சீலைக்கு ஆணி அடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்து, டிப்போவில் கழித்துப் போட்ட பழைய ஹாரன் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து பால்கனியிலிருந்து அழுத்தினார். தெருவே ஒரு முழம் எழும்பி உட்கார்ந்தது. கீழே நூலகர் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழாய் கையை விட்டு நழுவி, செடிக்குப் பதில் அவர் நனைந்தார். நிமிர்ந்து பார்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையை ஆட்டினார்.

"நல்ல சத்தம், சார்!"

இந்த மனிதர் மகானா, மரக்கட்டையா? டிரைவருக்குப் புரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அந்த அதிசயம் நடந்தது. படுத்த கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு சத்தம். டகடகடகடக. நிறுத்தம். மறுபடி டகடகடக. டிரைவர் கண்ணைத் திறக்க நினைத்தார். திறந்தபோது வெளியே வெயில் இறங்கியிருந்தது. மனைவி தேநீரோடு நின்றாள்.

"என்னங்க, கீழே வீட்டுக்காரம்மா தையல் மெஷின் ஓட்டினாங்களாம். தூக்கம் கெட்டிருக்குமே! நான் போய் நிறுத்தச் சொல்லிட்டேன்."

"ஐயையோ, ஏன்?" என்று கத்திவிட்டு, உடனே குரலை இறக்கினார். "அதாவது... அவங்க வீடு, அவங்க மெஷின். நாம சொல்லலாமா?"

"நீங்க சொன்ன அமைதிக்குத்தானே இங்கே வந்தோம்? இனிமே ஒரு பொட்டுச் சத்தம் வராது. நீங்க நிம்மதியா தூங்குங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்த மத்தியானம் பல்லி மறுபடி நடந்தது. டிரைவர் தாங்காமல் எழுந்து கீழே போனார். மனைவி கடைக்குப் போயிருந்தாள். நூலகர் வாசல் படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், ஒண்ணு கேட்கணும். ஆணி அடிச்சேன். ஹாரன் அடிச்சேன். நீங்க ஏன் என்னைக் காலி பண்ணச் சொல்லல?"

நூலகர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"உங்களை வெளியே அனுப்பினா, உங்க பின்னாலேயே என்னையும் அனுப்பிடுவா என் வீட்டம்மா. இப்படி ஒரு தையல்காரி அவளுக்கு எங்கே கிடைப்பா? காலையில நீங்க பஸ்ஸை எடுத்ததும் இவங்க மெஷினை எடுத்துடறாங்க. பாதித் தெரு இங்கேதான் அளவு குடுக்குது."

"எந்தத் தையல்காரி?"

நூலகர் சட்டென்று உதட்டில் விரலை வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்காக. நேரம் கடந்துவிட்டது. டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார். நூலகர் படிக்கும் அறை. அலமாரி நிறையப் புத்தகம். நடுவில், நன்றாகத் தெரிந்த ஒரு பூப்போட்ட துணி. துணிக்கு அடியில் தையல் மெஷின்.

"மேலே கொண்டுபோயிடுங்க, சார்" என்றார் நூலகர், கெஞ்சாத குறையாக. "நீங்க வந்ததிலிருந்து நான் படியிலதான் படிக்கிறேன்."

மனைவி பையோடு திரும்பி வந்தபோது டிரைவர் மாடி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"பத்திரமான இடம்னா இதுதானா?"

"பத்திரமாத்தானே இருக்கு?"

"என்னை ஏமாத்திட்டே!"

"நான் எங்கே ஏமாத்தினேன்? பட்டறைக்கு லீவு விட்ட நாள்ல நீங்க ஒரு தடவையாவது மத்தியானம் தூங்கியிருக்கீங்களா? அன்னைக்கெல்லாம் வீடு முழுக்கக் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்துவீங்க. என்மேலதான் எரிஞ்சு விழுவீங்க. உங்களுக்குச் சத்தம் இல்லாம ஆகாதுன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

"தெரிஞ்சா, அமைதியான வீடு பார்க்கணும்னு நான் குதிச்சப்போ ஏன் சரின்னே?"

"கீழே பட்டறை இருக்கிறவரைக்கும் என் மெஷினை நீங்க கேட்பீங்களா? அதான் அன்னைக்கு மத்தியானம் நானே ஓட்டிக் காட்டிட்டு நிறுத்தினேன்."

பட்டறைக்காரரின் பரம்பரையைக்கூட டிரைவரால் இப்போது திட்ட முடியாது.

"மேலாளர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதுன்னு சொல்லிடுவார்டி" என்றார், குரல் இறங்கி. "ரொம்ப நாளா பயந்துக்கிட்டு இருக்கேன்."

அவள் பையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமேங்க. வேலை வரைக்கும் போச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஓட்டியிருப்பேன். போங்க, மெஷினைத் தூக்கிக்கிட்டு வாங்க."

இரும்புக் கால் வைத்த மெஷினை டிரைவர் மூச்சு வாங்க மாடிக்கு ஏற்றினார். பின்னாலிருந்து நூலகர் அவ்வளவு உற்சாகமாகத் தள்ளினார். இறக்கி வைத்ததும் இரண்டு ஆண்களும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். அந்தத் தெருவில் அது கொஞ்சம் அதிகமான சத்தம்தான்.

மேலாளர் மறு வாரம் கண்ணைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. "இது கண்ணு" என்றார். பெரிய பள்ளிக்கூட நிறுத்தத்தில் பஸ் கோடு போட்ட மாதிரி நிற்கிறது. கண்டக்டரின் கன்னம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. டிரைவர் அடித்த வெற்று ஆணிகளில் தைத்த துணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. மத்தியானத்தில் அளவு கொடுக்க வருகிறவர்கள் உள்ளே தூங்குகிறவரைப் பார்த்துவிட்டுக் குசுகுசுவென்று பேசினால், மனைவி பதறிப்போகிறாள்.

"சத்தமாப் பேசுங்கம்மா. அமைதியா இருந்தா முழிச்சுக்குவார்."

எல்லாம் சரி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மெஷினுக்கு லீவு. முதல் ஞாயிறு மத்தியானம் டிரைவர் படுத்து, புரண்டு, எழுந்து வந்தார்.

"ஒரு அரை மணி நேரம் ஓட்டேன்."

"வாரத்துக்கு ஒரு நாள் என் காலுக்கும் ஓய்வு வேண்டாமாங்க? எப்படியும் உங்களுக்குத் தூக்கம் வரப்போறதில்லை. சும்மாதானே முழிச்சிருப்பீங்க?" என்று சொல்லிவிட்டு, ஊசியையும் நூலையும் ஒரு கிண்ணம் நிறையப் பட்டனையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்து, அவர் பாயில் அவள் படுத்துத் தூங்கிப்போனாள்.