பத்தாவது படத்தில் நிற்பவர்

அரியாலை,
செவ்வாய்க்கிழமை, மழை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஜெபநேசன் அண்ணைக்கு,

தம்பி நதானியேல் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் ஜெயந்தினியும் சுகம். உங்கள் சுகத்தை நான் விசாரிக்கத் தேவையில்லை. ரொறன்ரோ வைத்தியர்கள் நெஞ்சைத் திறந்து பார்த்தே சொல்லிவிட்டார்கள். நெஞ்சுக்குள் என்ன இருக்கிறதென்று எழுத்தில் அத்தாட்சி உள்ளவர் எங்கள் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். இதை வட்ஸ்அப்பில் அனுப்பாமல் கனடா திரும்பும் நிருஷன் கையில் கொடுத்துவிடுவதற்குக் காரணம், வட்ஸ்அப் என்றால் அண்ணி முதலில் வாசித்துவிடுவார். சனிக்கிழமை கடிதம் உங்களிடம் சேரும். ஞாயிறு ஆராதனைக்கு முன் வாசித்தே ஆகவேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து இறங்கியதும் நீங்கள் செய்த பொருத்தனையை நான் குறை சொல்லவில்லை. உயிரைத் திருப்பித் தந்த ஆண்டவருக்கு நன்றியாக ஊரில் பத்துக் குடும்பத்துக்கு அரிசி, மா, பருப்பு, சீனி, பால்மா கொடுக்கச் சொன்னீர்கள். கூடவே ஒவ்வொரு வீட்டிலும் பனர் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினால், வரும் ஞாயிறு நன்றிப் பண்டிகையில் உங்கள் கோவில் திரையில் காட்டலாம் என்றீர்கள். நீங்கள் அனுப்பிய காசில் அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்த வருடம் நான் படம் அனுப்ப மறந்துபோய், அந்தப் பெயின்ற் உங்கள் மனதில் இன்னும் காயவில்லை என்பதால், மறுபேச்சுப் பேசாமல் எட்டடி பனர் அடித்தேன். ‘சத்திரசிகிச்சையில் காத்த ஆண்டவருக்கு நன்றி. ஜெபநேசன் குடும்பம், கனடா’ என்று பெரிதாக எழுதி, பக்கத்தில் கோட் போட்டுச் சிரிக்கும் நீங்கள். கீழ் மூலையில் ‘ஒழுங்கமைப்பு: நதானியேல்’ என்று என் பெயரும் இருந்தது. அது அச்சகக்காரரின் பிழை அல்ல.

ஒன்பது வீடு சுமுகமாக முடிந்தது. வாதத்தில் கிடந்து எழும்பிய முத்துக்குமாரு அண்ணை, “தம்பி, பையை நெஞ்சுக்கு நேர பிடிக்கவோ, வயித்துக்கு நேர பிடிக்கவோ? போன கிழமை லண்டன்காரர் நெஞ்சுக்கு நேர எண்டவை,” என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பத்தாவது வீடு கடற்கரைப் பக்கம், பத்மாசினியுடையது. புருஷன் போன வருடம் கடலில் போய்விட்டார். இறால் உரித்துத்தான் மகளைப் படிப்பிக்கிறார். எங்கள் சபையில்லை, முருகன் கோவில்காரர். பனரைப் பார்த்ததுமே வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“படமெண்டால் சாமான் வேண்டாம் அண்ணை.”

“ஒரு நிமிஷ வேலை, தங்கச்சி.”

“உங்களுக்கு ஒரு நிமிஷம். போன வருசம் இவளுக்குச் சைக்கிள் தந்து, படமெடுத்துப் பேஸ்புக்கில போட்டவை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் அதுக்குக் ‘கனடாச் சைக்கிள்’ எண்டு பேர் வச்சிட்டுதுகள். அண்டு தொடக்கம் நடந்துதான் போறாள். உந்தா, வேலியோட சாத்திக் கிடக்கு.”

பார்த்தேன். சைக்கிள் கூடைக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மகள் வெளியில் வரவேயில்லை. அடுப்பு மூட்டியதாகவும் தெரியவில்லை. பனரைச் சுருட்டி ஓட்டோவில் போட்டுவிட்டு, பையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு வந்தேன். இதுவரைக்கும் நான் நல்ல மனிதன். மிச்சத்தை வாசியுங்கோ.

வழி முழுக்க எனக்கு ஆண்டவர் நினைவில்லை, உங்கள் நினைவுதான். பை பத்து, படம் ஒன்பது என்றால் பத்தாவது பை நதானியேலின் குசினியில் என்றுதானே நினைப்பீர்கள். வீட்டுக்கு வந்து ஜெயந்தினியிடம் விடயத்தைச் சொன்னேன். “என்னை ஏழை மாதிரி நிக்கச் சொல்லுறியளோ?” என்று கேட்டவள் தானே பதிலும் சொன்னாள்: “நடிக்கத் தேவையில்லை. முப்பது வருசம் உங்களோடை இருக்கிறன், சும்மா நிண்டாலே காணும்.” வீட்டில் உடுத்தும் பழைய சோட்டியைப் போட்டு, தலையில் துவாயைச் சுற்றி, முகத்தைப் பாதி திருப்பிக்கொண்டு எங்கள் வாசல் படலையடியில் நின்றாள். பனரைக் கட்டி, எங்கள் வீட்டு அரிசியையே பையில் போட்டு நான் கொடுக்க, ஓட்டோக்காரர் படமெடுத்தார். அந்த நேரம் பார்த்து மாதர் சங்கத்துச் செயலாளர் இராசம்மா அக்கா குடையோடு வந்தார். எங்களைப் பார்த்தார். குடையைத் தாழ்த்திக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். இராசம்மா அக்கா பேசாமல் போனால் ஊருக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்று பின்னேரம் படலையில் ஒரு பூசணிக்காய் இருந்தது. அடுத்த நாள் ஆறு தேங்காய். ஞாயிற்றுக்கிழமை போதகர், “தங்கள் கஷ்டத்தை வெளியில் சொல்லத் தெரியாத ஒரு குடும்பத்துக்காக” ஜெபித்தார். கண் மூடியிருந்த சபை முழுதும் நான் இருந்த வாங்கை நோக்கித் திரும்பியது எப்படியென்று எனக்கு விளங்கவில்லை. நேற்று அவரே ஐந்து பேரோடு ஒரு பையும் கொண்டு வந்துவிட்டார்.

“ஐயா, நாங்கள் நல்லாத்தான் இருக்கிறம்,” என்றேன்.

“ஓம் ஓம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை,” என்று தோளைத் தட்டினார். “ஒரு படம் மட்டும் எடுப்பம். உதவி அனுப்பினவை கேப்பினம்.”

உண்மையைச் சொன்னால் உங்களை ஏமாற்றிய கதை வெளியில் வரும். அதனால் நின்றேன். அண்ணை, அப்படி நிற்கும்போது கையை எங்கே வைப்பதென்று தெரியாது. முத்துக்குமாரு அண்ணையை நினைத்துக்கொண்டு நெஞ்சுக்கு நேரே பிடித்தேன். பைக்குள் சீனி இருந்தது தெரிந்தது. முகத்தில் என்ன இருந்ததென்று தெரியவில்லை. எல்லாரும் போனபிறகு ஜெயந்தினி அந்தப் பையைப் பிரிக்காமலே குசினி மூலையில் வைத்தாள்.

இன்று விடிய பின்படலையில் ஆள் அரவம். பத்மாசினி. மழையில் நனைந்துகொண்டு, ஒழுங்கை வழியே யாரும் வருகினமோ என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். ஒரு கையில் மூடிபோட்ட சட்டியில் நண்டுக் கறி, மறு கையில் நான் கொடுத்த அரிசியில் பாதி.

“சந்தையில கேள்விப்பட்டன் அண்ணை. உங்களுக்கே இல்லாமல் எனக்குத் தூக்கித் தந்திருக்கிறியள். ஆரும் காணேல்லை, பிடியுங்கோ.”

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “அப்ப படத்தில ஏழையா நிக்கிறது அக்காவோ?” என்று கேட்டு, படியில் குந்திக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். அரிசியைத் திருப்பி எடுத்துக்கொண்டார்; கறியைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

அண்ணை, பத்தாவது படத்துத் தாயின் முகத்தைப் பார்த்து அண்ணி அழுததாகவும், அதைத்தான் திரையில் பெரிதாகக் காட்டப் போவதாகவும் செய்தி அனுப்பியிருந்தீர்கள். அது ஜெயந்தினி. அதை மட்டுமல்ல, பத்தையும் காட்டாதேங்கோ. எழும்பி நின்று, ‘செத்துப்போக இருந்தேன், கர்த்தர் வைத்திருக்கிறார்’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கோ. நீங்கள் நின்றாலே போதும். பத்துப் பேரை நிற்கவைக்கத் தேவையில்லை. போதகரிடம் இன்று பின்னேரம் நானும் போய் உண்மையைச் சொல்லி, பை, பூசணிக்காய், தேங்காய் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறேன்.

தைத்த உங்கள் நெஞ்சைத் தேவன் இன்னும் பல வருடம் தம் கையில் வைத்துக் காப்பாராக. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிவுள்ள தம்பி,
நதானியேல்

பி.கு.: இன்று புதன். நேற்று, பெயரை வெளியில் காட்டவேண்டாம் என்று இவ்வளவும் எழுதிக் கடிதத்தை ஒட்டப்போகும்போது பத்மாசினி திரும்ப வந்தார். “அண்ணை, அந்தப் பனர் சும்மா கிடக்கோ? குசினிக் கூரை ஒழுகுது.” நானே ஏறிக் கட்டினேன். மரியாதைக்காக எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டேன், அவர் விடவில்லை. “மேல திருப்புங்கோ. நன்றி சொன்னது கடவுளுக்குத்தானே, அவர் மேல இருந்து வாசிக்கட்டும். உங்கடை அண்ணையின்ரை பல்லைப் பாத்துக்கொண்டு எனக்குச் சமைக்க ஏலாது.” ஆக, அரியாலையில் உங்கள் பெயர் எட்டடி நீளத்துக்கு வெளியில்தான் இருக்கிறது. படம் வேண்டுமென்றால் ட்ரோன் அனுப்புங்கோ. இரவு நல்ல மழை. உங்கள் கோட் முழுக்க நனைந்துவிட்டது. குசினி ஒழுகவில்லை.