விண்டோஸ் இருக்கும் வீட்டுக்கு வராதவர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும், நீங்கள் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன கணினியும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் அவ்விதமே இருக்க வேண்டும்.

இணைய இணைப்பு வாங்கித் தினமும் முகத்தைக் காட்டாவிட்டால், வீட்டைப் பூட்டிவிட்டு என்னை அங்கே அழைத்துப் போய்விடுவதாக மகள் கெடு வைத்தாள் அல்லவா? இந்த வீட்டை விட்டு நான் நகர மாட்டேன் என்பது உங்களுக்கே தெரியும். உடனே களத்தில் இறங்கினேன். முதல் கம்பெனிக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "ஸ்டார்ட் பட்டன் எங்க சார்?" என்றார். லினக்ஸ் என்றேன். தொற்றுநோய் என்று சொன்னதுபோல நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். இரண்டாவது கம்பெனிப் பெண்மணி, "அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல சார், விண்டோஸ் போட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று போனை வைத்துவிட்டார். அத்தோடு தொலைபேசியும் செத்துப்போனது. மூன்றாமவர் கூப்பிடாமலே வந்தார். கதவு திறந்த சத்தமே இல்லை, திரும்பினால் கூடத்தில் நிற்கிறார். வெளியே மழை கொட்டுகிறது, அவர் செருப்பில் ஒரு சொட்டு ஈரமில்லை. "லினக்ஸா? நல்லது. விண்டோஸ் இருக்கற வீட்டுக்கு நான் போறதில்ல சார்" என்றார். மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று பூரித்துப்போனேன். கறுப்புத் திரையைத் திறந்து என்னவோ தட்டினார், மேசையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்தார், தண்ணீர்கூட வேண்டாமென்று போய்விட்டார். அந்தப் பெட்டியிலிருந்து ஒயர் எதுவும் எங்கேயும் போகவில்லை. மின்சாரம் போனாலும் அதன் விளக்கு எரிகிறது. விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து மாலையானால் மகள் திரையில் வந்துவிடுகிறாள். படம் பளிச்சென்று இருக்கிறது. பின்னால் நீங்கள் நின்று தலையாட்டுகிறீர்கள், ஆனால் ஒரு வார்த்தை பேசுவதில்லையே, ஏதாவது வருத்தமா? அவள் என்னைத் திட்டுவதே இல்லை. கிளம்பி வாங்க என்று நச்சரிப்பதும் இல்லை. கல்யாணத்துக்கு முன் நம் மாடியறையில் மாட்டியிருந்தாளே, அதே மாதிரி மஞ்சள் திரைச்சீலையை அங்கேயும் மாட்டியிருக்கிறாள். ஆகையால் நீங்கள் யாரும் சிரமப்பட்டு வர வேண்டாம், லினக்ஸுக்கு ஏற்ற இணைப்பு கிடைத்துவிட்டது. மின்னஞ்சல் மட்டும் ஏனோ போக மறுப்பதால் இதைத் தபாலில் அனுப்புகிறேன்.

இருவரும் குறைவொன்றும் இல்லாமல் நெடுநாள் வாழ ஆசி கூறும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது செத்த தொலைபேசி அடித்தது. மகள்தான். "ஏன்ப்பா, இத்தனை நாளா உங்க முகத்தையே காணோம்? போனும் போகல. இன்னும் நெட்டு வாங்கலையா?" என்று பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். அவள் திட்டத் திட்ட நான் கணினிப் பக்கம் திரும்பினேன். அதே நேரத்தில் கணினியில் இன்னொருத்தி மஞ்சள் திரைச்சீலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, "யாரோட பேசறீங்கப்பா? மாடிக்கு வாங்களேன்" என்று சிரித்தாள். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் தொலைபேசி மறுபடியும் செத்துவிட்டது. மாடியறையைப் பூட்டி வைத்தவன் நான்தான். திரைச்சீலையை மட்டும் கழற்றவில்லை. மேலே எழுதியதெல்லாம் ரத்து. வீட்டைப் பூட்டிவிடலாம், உங்களோடு வந்துவிடுகிறேன், உடனே புறப்பட்டு வாருங்கள். அதுவரை எதிர்வீட்டில் இருப்பேன். அங்கே விண்டோஸ்தானாம், விசாரித்துவிட்டேன்.