கிழக்கு கேலரிக்கு ஒரு நாற்காலி

எங்கள் கால்பந்து கிளப் ரசிகர்களுக்கே சொந்தம். இதை நான் சொல்லவில்லை. மைதான வாசலில் ஆளுயர எழுத்தில் எழுதி, கீழே முதலாளி கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

முதலாளியை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததில்லை. கிளப்பை வாங்கிய அன்று வீடியோவில் வந்து, அணியின் பெயரைத் தப்பாகச் சொல்லி வாழ்த்தினார். அப்புறம் எங்களுக்கு ஒரு கௌரவம் செய்தார். நிர்வாகக் குழுவில் ரசிகர்களுக்கென்று ஒரு நாற்காலி, ஒரு ஓட்டு.

அந்தச் சமயத்தில்தான் கிழக்கு கேலரியை இடித்துவிட்டு, பெரிய மனிதர்களுக்குக் கண்ணாடி அறைகள் கட்டப் போவதாகப் பேச்சு அடிபட்டது. கிழக்கு கேலரி என்பது கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருக்கும் சிமெண்டுப் படிகள். கூரை கிடையாது. எங்களுக்குக் கட்டுப்படியாகும் இடம் அது ஒன்றுதான். அது போனால் நாங்கள் மதில் சுவரைப் பார்த்துத்தான் கைதட்ட வேண்டும்.

ஆகவே என் அத்தையைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தோம். அத்தை பஸ் டிரைவர். ஹாரன் கெட்டுப்போன நாட்களில் ஜன்னல் வழியாகக் கத்தியே வழி வாங்கியவள். இதைவிடத் தகுதி என்ன வேண்டும்?

கூட்டத்தில் நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

நாற்காலி உண்மையிலேயே இருந்தது. மெத்தை வைத்தது, சுழலும். உட்கார்ந்ததும் செயலாளர் அவள் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டினார். எல்லா ஆட்டத்துக்கும் இலவச அனுமதி.

"கேலரியை இடிக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றாள் அத்தை.

"தாராளமா சொல்லுங்க மேடம். அதுக்கு முன்னாடி நாலாவது விதியைக் கேளுங்க. ரசிகர்னா டிக்கெட் வாங்கி ஆட்டம் பாக்கறவர்."

"பதினெட்டு வருஷமா வாங்கறேன்."

"இனிமே எப்படி வாங்குவீங்க? இலவச அட்டை இருக்கே."

"அட்டை வேணாம், இந்தாங்க."

"அட்டை இல்லாதவங்க இந்த அறையில உட்கார முடியாது மேடம். விதி அஞ்சு."

"அப்ப இதை வச்சிருந்தா நான் ரசிகர் இல்ல. குடுத்துட்டா குழுவுலயே இல்ல."

"சட்டுனு புரிஞ்சுக்கிட்டீங்க. எங்க வக்கீலுக்கே ரெண்டு நாள் ஆச்சு."

"ரசிகர்களோட ஓட்டு என்னாகும்?"

"வீணாப் போகாது. ரசிகர் இல்லாதப்ப அவங்க சார்பா முதலாளியே போட்டுடுவார்."

மேற்படி ஓட்டு அவ்வாறே போடப்பட்டது. கேலரியை இடிக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ரசிகர் பிரதிநிதிக்குத் தேநீர் வழங்கப்பட்டதும் குறிப்பில் ஏறியது.

வாசலில் நாங்கள் காத்திருந்தோம். சலூன்காரர்தான் ஆரம்பித்தார்.

"என்னக்கா, மெத்தை நாற்காலியைப் பாத்ததும் சாஞ்சுட்டியா?"

"சாஞ்சிருந்தா உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு வெயில்ல ஏன்டா நிக்கறேன்? நான் சொல்றதைக் கேளுங்க. சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒருத்தரும் போகக் கூடாது. டிவியில காலிப் படி தெரியட்டும். விளம்பரக் கம்பெனிக்காரங்களே முதலாளி சட்டையைப் பிடிப்பாங்க."

நல்ல யோசனை. எல்லோரும் சத்தியம் செய்தோம். சிலர் இரண்டு முறை செய்தார்கள்.

ஆனால் சலூன்காரருக்குத் தையல்காரர் மேல் சந்தேகம். தையல்காரருக்குச் சலூன்காரர் மேல். யாராவது துரோகம் செய்து உள்ளே போனால் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா? வெளியே நின்றால் படிகள் தெரியாது. வேறு வழியில்லாமல் டிக்கெட் வாங்கினார்கள்.

சனிக்கிழமை கேலரியில் கால் வைக்க இடமில்லை.

"நீ ஏன்டா வந்தே?"

"நீ வர்றியான்னு பாக்கத்தான். நல்லவேளை வந்தேன்."

அத்தை மேல் படியில் நின்று துரோகிகளின் பெயரைக் குறித்துக்கொண்டிருந்தாள். பக்கம் போதவில்லை. நானும்தான் போனேன். அத்தை வந்திருக்கிறாளா என்று யாராவது பார்க்க வேண்டும்.

இடைவேளையில் ஒலிபெருக்கி பேசியது. கிளப் வரலாற்றிலேயே இதுதான் அதிகக் கூட்டமாம். கேலரியை இடிக்கும் முடிவுக்கு ரசிகர்கள் திரண்டு வந்து காட்டிய ஆதரவுக்கு முதலாளி நன்றி தெரிவித்தார். இந்த முறை அணியின் பெயரைச் சரியாகவே சொன்னார்கள்.

திங்கட்கிழமை இடித்தார்கள். இடிப்பதைப் பார்ப்பதற்கு டிக்கெட் போட்டிருந்தார்கள்.

எனக்குக் கிடைக்கவில்லை.