நான்சி கேட்ட சாவியும் நான் அடிச்ச சில்வர் பெயிண்டும்

டமார்னு ஒரு சத்தம். அப்புறம் கர்ர்ர்னு இன்னொரு சத்தம். அது நிக்கவே இல்ல.

நத்தம் ரோட்டுல ஒரு வேகத்தடைய ஏறி எறங்குன நிமிஷம். எங்க பிக்கப் வண்டி பின்னாடி நாப்பது பெட்டி செந்தூரம் மாம்பழம். ஸ்டியரிங்ல நான். பக்கத்துல என் பொண்டாட்டி நான்சி, மடியில வேர்க்கடலை.

"என்னங்க, வண்டில இருந்து என்னமோ எறங்கிருச்சு."

"ஒண்ணுமில்ல. கல்லு."

"கல்லு நம்ம கூடவே வருதே."

"பெரிய கல்லு."

கண்ணாடில பாத்தா அடியில தீப்பொறி பறக்குது. ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், இஞ்சின் கத்துது, வண்டி போகல. உருண்டு உருண்டு ஒரு புளியமரத்தடியில போய் நின்னுச்சு.

"கல்லு களைச்சுப்போச்சு போல," அப்படின்னா நான்சி. ஒரு கடலையை வாயில போட்டுக்கிட்டா.

எறங்கிக் குனிஞ்சு பாத்தேன். புரொபல்லர் ஷாப்ட் ஒரு முனை தரையில கெடக்கு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன். இஞ்சின் முன்னாடி, ஓட்டுற சக்கரம் பின்னாடி. ரெண்டுக்கும் நடுவுல சுத்திக்கிட்டே கெடக்குற நீள இரும்புக் குழாய் அது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவுல புருஷன் கெடக்குறான்ல, அந்த உத்தியோகம்.

குழாய் போனா மாத்திக்கலாங்க. இங்க போனது சாவி.

நான்சி லைசென்ஸ் வாங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. அவங்க அப்பா தோப்பு நத்தத்துல. அங்கருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கிறது எங்க வண்டி. "ஒரு நாளைக்கு நான் ஓட்டுறேங்க"ன்னு ரெண்டு வருஷமா கேக்குறா. நானும் ரெண்டு வருஷமா வேற பேச்சு பேசுறேன். போன மாசக் கடைசியில, அவ அண்ணன் ஜெரோம் சாப்பிட வந்திருந்தப்ப மறுபடி கேட்டா. ஜெரோம் பைபாஸ்ல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கான். அவன் முன்னாடி நான் கெத்து காட்ட வேணாமா?

"இந்த வண்டி என் கையில நடுரோட்டுல நின்னுச்சுன்னா, அன்னைக்கே சாவி உனக்கு. அதுவரைக்கும் பேச்சே கெடையாது."

"மாப்ள, பாத்துப் பேசுங்க," அப்படின்னான் ஜெரோம்.

"நான் வண்டிய புள்ள மாதிரி வளக்குறேன் மச்சான்."

நான்சி மச்சானுக்கு இன்னொரு கரண்டி வெஞ்சனம் வெச்சா.

ரெண்டு நாள்ல மே ஒண்ணு. சூசையப்பர் திருநாள். எங்க கோயில்ல வண்டி மந்திரிப்பு. பைக்கு, ஆட்டோ, டிராக்டர்னு எல்லாம் வரிசையா நிக்கும், ஃபாதர் தீர்த்தம் தெளிச்சுக்கிட்டே வருவாரு. எல்லாப் பயலும் வண்டிக்கு மேலதான் மாலை போடுவான். நான் யோசிச்சேன். அடியில யாரு பாக்குறா? நாம பாப்போம். ஷாப்டையே கழட்டி, சேறு சுரண்டி, சில்வர் பெயிண்ட் அடிச்சா? குனிஞ்சு பாக்குறவன் மெரண்டுற மாட்டான்?

கழட்டுனேன். சுரண்டுனேன். குழாய்ல ஒரு ஓரத்துல சின்னதா ஒரு தகடு ஒட்டியிருந்துச்சு. தீப்பெட்டில பாதி இருக்கும். அசிங்கமா இருந்துச்சு. அரத்தை எடுத்து ராவ ஆரம்பிச்சேன்.

"என்னங்க, அதை எதுக்கு ராவுறீங்க?"

"வெல்டிங் பிசிறு."

"கம்பெனிக்காரன் சும்மாவா ஒட்டியிருப்பான்?"

"கம்பெனில தூக்கக் கலக்கத்துல எவனோ ஒட்டிட்டான். நீ உள்ள போ."

அவ போகல. போன்ல ஒரு போட்டோ எடுத்தா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஸ்டேட்டஸ்ல வெப்பான்னு நெனச்சேன்.

மந்திரிப்பு முடிஞ்சு மூணாம் நாளு, நாப்பதைத் தாண்டுனா சீட்டு நடுங்குது. அம்பதுல கண்ணாடில எனக்கு ரெண்டு மொகம் தெரியுது. தெனமும் கூட வர்ற நான்சி, நாப்பதுக்கு மேல போனா வாந்தி வருதுங்கிறா. டயரைப் பாத்தேன். காத்தைப் பாத்தேன். எல்லாம் சரி. அப்பதான் பொறி தட்டுச்சு. வண்டி நின்னா யாருக்கு லாபம்?

நான்சிக்கு.

அன்னையில இருந்து நான் போலீஸ் ஆயிட்டேன். சக்கரத்து நட்டுல எல்லாம் சாக்பீஸ்ல கோடு போட்டேன். யாராச்சும் லூஸ் பண்ணா கோடு வெலகிரும்ல. மறுநாள் பாத்தா ஒரு கோட்டையும் காணோம். சுத்தமாத் தொடச்சுருக்கு. சிக்கிட்டா.

"நட்டைத் தொட்டியா?"

"வண்டியக் கழுவுனேன். நீங்கதானே காலைல கழுவச் சொன்னீங்க?"

சொல்லியிருந்தேன்.

சரின்னு என் போன்ல ரெக்கார்டிங் போட்டு வண்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சுட்டுக் குளிக்கப் போனேன். வந்து கேட்டேன். இருபது நிமிஷம் காக்கா சத்தம். அப்புறம் கொலுசுச் சத்தம் கிட்ட வருது. போனைக் காதோட அமுக்கிக்கிட்டேன். அப்புறம் அவ கொரலு: "என்னங்க, இதுல சார்ஜ் ஒம்பது பர்சன்ட்தான் இருக்கு. எடுத்துச் சொருகுங்க."

செத்த இருங்க, போன் வருது. ம், எங்க விட்டேன்?

ஜெரோம்கிட்ட வண்டியக் காட்ட முடியாது. அண்ணன்காரன், தங்கச்சிகிட்ட சொல்லிருவான். அதனால ஒட்டன்சத்திரம் பக்கம் பெருமாள்சாமின்னு ஒரு மெக்கானிக்கைத் தேடிப் போனேன். மனுசன் அடியில படுத்துப் பாத்தாரு. ஷாப்டைக் கையால தடவிக்கிட்டே கேட்டாரு.

"ஏனுங்க, இதுல இருந்த பேலன்ஸ் வெயிட்டு எங்கீங்க?"

"என்ன வெயிட்டு?"

"சின்னத் தகடுங்க. குழாய் ஒரு பக்கம் கனம் கம்மியா இருந்தா, அதை ஈடுகட்ட ஒட்டுவாங்க. அது இல்லீன்னா சுத்தையில குழாய் ஒதறுமுங்க. ஒதறி ஒதறி, முனையில அதைப் புடிச்சுட்டு இருக்குற கிராஸ் ஒரு நாளைக்கு ஒடஞ்சு, ஷாப்டே கீழ விழுந்துருமுங்க. எந்த மடையனோ ராவி எடுத்துருக்கான்."

"ஆமாங்க. இந்தக் காலத்துல யாரையும் நம்ப முடியல," அப்படின்னேன்.

"பெயிண்ட் மட்டும் நல்லா அடிச்சிருக்கானுங்க."

புது ஷாப்ட் வர பத்து நாள் ஆகும்னாரு. நான் ஆர்டர் குடுக்கல. திரும்பி வரையில எனக்கு வேற ஒரு யோசனை. ஷாப்ட் எப்படியும் விழப்போகுது. அது என் கையிலதான் விழணும்னு சட்டம் இருக்கா? நான்சி ஓட்டையில விழுந்தா? "பாத்தியா, ரெண்டு வருஷமா இதுக்குத்தான் தரல"ன்னு ஆயுசுக்கும் வாயை அடைச்சிறலாமே. மெதுவாத்தானே ஓட்டுவா, அடிகிடி ஒண்ணும் படாது. எனக்கே என் மேல மரியாதை வந்துருச்சு.

இன்னைக்குக் காலையில தோப்புல லோடு ஏத்தி முடிச்சதும் சாவியை நீட்டுனேன்.

"இந்தா. ஓட்டு."

அவ சாவியப் பாத்தா. என்னையப் பாத்தா. மறுபடி சாவியப் பாத்தா.

"உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஆசைப்பட்டேல்ல."

"ரெண்டு வருஷம் ஆசைப்பட்டேன். இன்னைக்கு என்ன விசேஷம்?"

"அன்புதான்."

"ஓஹோ," அப்படின்னா.

ஓட்டுனா பாருங்க. முப்பதுக்கு மேல முள்ளு ஏறல. குழி வந்தா வண்டியத் தாலாட்டி எறக்குறா. ஷாப்டு சத்தமில்லாமச் சுத்துது, எங்கிட்ட ஒரு நாளும் அப்படிச் சுத்துனதில்ல.

"கொஞ்சம் மிதியேன்."

"எதுக்குங்க? மாம்பழம் அடிபடும்."

முப்பது கிலோமீட்டர் போனோம். ஒண்ணும் விழல. பைபாஸ் பக்கத்துல ஒரு டீக்கடையில நிறுத்துனா. நான் டீ குடிச்சேன், அவ ஓரமா நின்னு போன் பேசுனா. திரும்பி வந்து பாத்தா, இந்தப் பக்கத்து சீட்டுல உக்காந்துருக்கா. கடலையோட.

"கை கடுக்குது. செத்த நேரம் நீங்க ஓட்டுங்க."

"நீயே ஓட்டேன். நல்லா ஓட்டுற."

"ஏன், வண்டில ஏதாச்சும் கோளாறா?"

"சேச்சே."

"கோளாறுன்னா சொல்லுங்க. இப்பவே அண்ணனைக் கூப்பிடுவோம்."

"ஒரு கோளாறும் இல்ல."

"அப்பச் சரி. ஏறுங்க."

ஏறுனேன். நூறு அடி தாண்டல, அந்த வேகத்தடை. மிச்சம்தான் உங்களுக்குத் தெரியுமே.

புளியமரத்தடியில நின்னு, மச்சானுக்கு என்ன பொய் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே போனை எடுத்தேன். நம்பரைப் போடல இன்னும். எதுத்தாப்புல ஜெரோம் மொபெட்டுல வாரான். முன்னாடி டூல் பாக்ஸ். பின்னாடி நீளவாக்குல கட்டி, புத்தம் புது ஷாப்ட்.

"இவனை யாரு வரச் சொன்னா?"

"நாந்தான்," அப்படின்னா நான்சி.

"எப்ப?"

"டீக்கடையில."

"டீக்கடையில வண்டி நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஆமா. அதான் பதறாம வான்னு சொன்னேன்."

ஜெரோம் ஷாப்டை எறக்கிக்கிட்டே சொல்றான். "இது வந்து ஒரு வாரமாச்சு மாப்ள. நீங்க தகட்டை ராவுன அன்னைக்கே போட்டோ வந்துருச்சு. அன்னைக்கே ஆர்டர் போட்டுட்டேன்."

நான் நான்சியப் பாத்தேன்.

"அப்ப தெனமும் கூட வந்து, நாப்பதுக்கு மேல போனா வாந்தி வருதுன்னியே?"

"எனக்கு என்னைக்குங்க வாந்தி வந்துருக்கு? நீங்க வேகமா மிதிக்காம இருக்கத்தான் அது. 'ஷாப்ட் போச்சுடி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பேசாம மாட்டிட்டுப் போயிருப்போம். சாவியக்கூடக் கேட்டிருக்க மாட்டேன். நீங்க என்னடான்னா, அதை என் கையில ஒடைய விடப் பாத்தீங்க."

அவ கையை நீட்டுனா. சாவியக் குடுத்தேன்.

முக்கா மணி நேரத்துல ஜெரோம் ஷாப்டை மாட்டிட்டான். நான்சி ஸ்டியரிங்ல ஏறுனா. ஜெரோம் இந்தப் பக்கம் ஏறுனான். சத்தம் ஏதும் வருதான்னு கேட்டுக்கிட்டே வரணுமாம்.

"அப்ப நான்?"

"அண்ணன் மொபெட்டை எடுத்துட்டு வாங்க."

"அதுக்குச் சாவி?"

"அது பெடல் மிதிச்சா ஸ்டார்ட் ஆயிரும் மாப்ள," அப்படின்னான் ஜெரோம். "அதுக்குச் சாவியே கெடையாது."

போயிட்டாங்க. பெடல் மிதிச்சுப் பாத்துட்டேன், ஸ்டார்ட் ஆகல. மிதிக்கிறதும் இதை டைப் பண்றதுமா புளியமரத்தடியிலயேதான் நிக்கிறேன். உண்மையச் சொல்லுங்க, உங்க வீட்டுலயும் இப்படி நடந்துருக்கா, இல்ல எனக்கு மட்டும்தானா?