ரசமட்டம் வைத்த பொங்கல் பானை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தயங்கினேன். சாமி காரியத்தைச் சிரிப்பாக்கிவிடுவேனோ என்று பயம். மலையனூர் தாய் பொறுத்துக்கொள்வாள் என்று நம்பி இப்போது எழுதுகிறேன்.

செஞ்சியில் எங்கள் தெரு ரசமட்டத்தைப் போலப் பயப்படத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே கிடையாது. கொத்தனார். சுவர் மட்டம் பார்க்கும் அந்தக் குமிழிக் கட்டையைத் தூக்கத்திலும் விடமாட்டார். அதன் பேரே அவர் பேராகிவிட்டது. மழை பெய்தால், தான் கட்டின வீட்டு வாசலில் வந்து நின்று, "இன்னும் நிக்குதா?" என்று கேட்பார்.

பொங்கலன்று பால் கிழக்கே வழிந்தால் வருஷம் நல்லது. தெற்கே வழிந்தால் எமன் திசை. அந்தப் பயத்தில், விடியும் முன்பே வீடு வீடாக வந்து, அடுப்புக் கல்லைக் கிழக்கே லேசாகச் சாய்த்து வைப்பார். எங்கள் தெருவில் தெற்கே வழிந்த பானையே இல்லை.

ஒரு வருஷம் பொங்கலன்று அவர் மகள் செல்வி பிரசவ வலியோடு ஆஸ்பத்திரியில். துணைக்கு அவள் அம்மாவும் போய்விட்டாள். ரசமட்டம் தனியாக அடுப்பு மூட்டினார். நானும் என் மனைவியும் போய்ப் பார்த்தால், கல்லைச் சாய்க்கவில்லை! கட்டையை வைத்துக் குமிழியை நட்டநடுவில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, உங்க வூட்டுக்கு மட்டும் சாய்க்கலியா?" என்றாள் என் மனைவி.

"ஊருக்கு சந்தோசம் வேணும், சாச்சேன். இது என் பொண்ணு உசுரு, தங்கச்சி. சாமிகிட்ட நேராத்தான் கேக்கணும்."

பால் ஏறியது. துளியும் சாயாத பானை என்ன செய்யும்? நாலு பக்கமும் வழிந்தது.

"அய்யோ, தெக்கால ஊத்துதே!"

"கெழக்காலயும்தான் ஊத்துது, பாருங்க மேஸ்திரி!" என்றாள் என் மனைவி.

"எந்தப் பக்கம் மொதல்ல?" என்று என் சட்டையைப் பிடித்தார்.

"யாரு பாத்தா? நான் கண்ண மூடி கும்பிட்டுனு இருந்தேன்!"

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அரிசியை என் மனைவிதான் போட்டாள். கிளற யாருக்கும் கை வரவில்லை. போன் அடித்ததும் அதை என் மனைவி கையில் திணித்தார். ஸ்பீக்கரில் மருமகன் குரல்:

"மாமா, பொண்ணு பொறந்துக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அதற்கப்புறம்தான், "பொங்கலோ பொங்கல்!" என்று அழுதுகொண்டே கத்தினார். பொங்கல் அடிப்பிடித்துக் கருகியிருந்தது. தெருவே வாங்கிச் சாப்பிட்டது.

யாருக்காவது சொன்னால், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அத்தனை பயத்திலும் தன் கல்லை அவர் சாய்க்கவில்லை என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கத்து வீட்டில் அவர் இருப்பதுதான் எங்களுக்குத் தைரியம்.